300 பேருக்குத் தீபாவளித் திறந்த இல்லம், சுங்கை சிப்புட்: நாள், சோறு, கேனப்பி, மைக், மழை

நாலாங்கட்டை எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். இந்த 2026-ல தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் மாற்று விடுமுறை. எங்க தாமான் (குடியிருப்பு) சார்பா பாலாய்ராயாவுல, அதாவது ஊர்ப் பொது மண்டபத்துல, திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம். 300 பேர், அதுல 60 பேர் மலாய், சீன அண்டை வீட்டுக்காரங்க. மண்டபத்துக்குள்ள மேசை போட்டா 120 பேர் உட்காரலாம், மிச்சம் வெளியே கேனப்பி (கூடாரப் பந்தல்). சமையல் நாங்களே.
இப்போதைக்குத் திட்டம்: ஞாயிறு மதியம் 12 முதல் சாயங்காலம் 6 வரை. 12-க்கு சாப்பாடு, 2-க்கு உறுமி மேளம், 3-க்கு கோலப் போட்டி, 4-க்கு பிள்ளைங்க விளையாட்டு, 5-க்கு பாட்டு. அரிசி 45 கிலோ, கோழி 60, ஆடு 30. எங்க இடிக்கும்னு சொல்லுங்க. பாராட்டு வேணாம்.

பழைய கிராணி எழுதியது:
தம்பி, அரிசிக் கணக்கை ஓரமாக வையுங்கள். முதலில் நாளும் மணியும்.
ஞாயிறு தீபாவளி நாளே. விடியலில் எண்ணெய்க் குளியல், கோயில், பிறகு பெரியவர்கள் வீடு. கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அன்றைக்குத் தத்தம் வீட்டு வாசலை விட்டு நகர மாட்டார்கள். நகர்ந்தாலும் ஒரே மதியத்தில் ஆறு வீடு. ஏழாவதாக மண்டபத்துக்கு வந்து இரண்டு முறுக்கைக் கடித்துவிட்டுப் போவார்கள், உங்கள் பிரியாணி அண்டாவிலேயே இருக்கும். திங்களுக்கு மாற்றுங்கள். அண்டை வீட்டாருக்கும் அன்று விடுமுறைதான்.
அடுத்தது மணி. அக்டோபர், நவம்பரில் பேராக் பக்கம் காலை வெயில் காயும், மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டும். நீங்களோ கோலம், விளையாட்டு, பாட்டு மூன்றையும் மழை நேரத்தில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். 11-க்குத் தொடங்கி 3-க்கு முடியுங்கள். ஆறு மணி நேரம் திறந்து வைத்தால் கூட்டம் கூடாது, உணவுதான் கெடும்.

லயத்துக்காரி எழுதியது:
கிராணி ஐயா சொன்ன திங்கள் சரிதான், ஆனா அன்னிக்கு அமாவாசை. ஞாயிறு மதியத்துக்கு மேல தொடங்கி திங்கள் மதியம் தாண்டிப் போகுது. கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடுகளும் உண்டு. வழக்கமா 300 பேருக்கு 50 பேர் சைவம்னா, அன்னிக்கு 100, 120-ன்னு ஏறும். சரி, அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளலாம்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: அந்த வாரம் கந்த சஷ்டி விரதம். அது இதைவிட மோசம்.

அண்டாச்சோறு எழுதியது:
திங்கள்னு முடிவு பண்ணிட்டா கணக்கு மொத்தமா மாறும். 45, 60, 30 இதெல்லாம் கல்யாண விருந்துக் கணக்குண்ணே. திறந்த இல்லத்துக்கு வர்றவங்க வீட்டுல ஏற்கெனவே தின்னுட்டு வர்றவங்க. பல பண்டம் இருக்கிற மேசையில ஆளுக்கு வேகாத அரிசி 100 கிராம் போதும். 300-க்கு 30 கிலோ.
சைவம் 120, அசைவம் 180-ன்னு வெச்சுக்குவோம். அரிசி 18 கிலோ பிரியாணி, 12 கிலோ நெய்ச்சோறு. கோழி எலும்போட ஆளுக்கு 150 கிராம், 27 கிலோ. ஆடு ஆளுக்கு 100 கிராம், 18 கிலோ. கோழியும் ஆடும் பத்துல ஒரு பங்கு கூட வாங்குங்க. அரிசியைக் கூட்டாதீங்க, மிஞ்சுறது எப்பவும் சோறுதான். பருப்பு மொத்தத்துக்கும் 5 கிலோ.
பருப்புல ஒரு கண்ணி இருக்கு. பிரியாணின்னா கூடவே தால்ச்சா வைப்போம், தால்ச்சாவுல ஆட்டெலும்பு போடுற பழக்கம். பார்க்க சாம்பார் மாதிரியே இருக்கும். அமாவாசை அன்னிக்கு விரதக்காரர் ஒரு கரண்டி ஊத்திட்டாருன்னா வருஷம் பூரா பேச்சு. அன்னிக்கு எலும்பு போடாதீங்க, எல்லாருக்கும் ஒரே பருப்பு.

லயத்துக்காரி எழுதியது:
அதோட கேக்கும் பிஸ்கட்டும். நம்மூர்ல சைவம்னா பெரும்பாலும் முட்டையும் கிடையாது. முட்டை போட்ட பலகாரத்தைத் தனித் தட்டுல வெச்சு, மேல எழுதி வைங்க. முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை சைவ மேசையிலயே இருக்கட்டும். அச்சு முறுக்கு மாவுல பல வீட்டுல முட்டை அடிப்பாங்க, கேட்டுட்டு வைங்க.

நாலாங்கட்டை எழுதியது:
ஆடு வெட்டி வாங்கறதா, ஆஸ்திரேலியா உறைஞ்ச இறைச்சி வாங்கறதா? பிரியாணி 18 கிலோவையும் ஒரே அண்டாவுல போட்டா வேலை மிச்சம்தானே?

அண்டாச்சோறு எழுதியது:
ஒரே அண்டான்னா வேலை மிச்சமில்ல, அரிசி மிச்சம். அடியில கரிஞ்சு, நடுவுல குழைஞ்சு, மேல விறைச்சு நிக்கும். பழகின கை இல்லாட்டி ஒரு அண்டாவுக்கு 10 கிலோவைத் தாண்டாதீங்க. உங்களுக்கு 9 கிலோவா ரெண்டு. முதல் அண்டா 11.15-க்குத் திறக்கணும், ரெண்டாவது 12.30-க்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல இறக்கினா ஒரு மணிக்கு வர்றவருக்கு ஆறின சோறுதான்.
பாஸ்மதியை அரை மணி நேரம் ஊற வைங்க, அதுக்கு மேல ஊறினா கிண்டும்போது உடையும். கொதிக்கிற தண்ணி நாக்குல வெச்சா கடல் தண்ணி மாதிரி கரிக்கணும், அப்பத்தான் வடிச்ச பிறகு உப்பு சரியா நிக்கும். முக்கால் பதம் வெந்ததும் வடிச்சு மசாலா மேல பரத்துங்க. தம் 20, 25 நிமிஷம். அண்டாவுக்கு அடியில பழைய தோசைக்கல் ஒண்ணு வெச்சா கரியாது. ‘வெந்துச்சா’ன்னு நடுவுல மூடியைத் திறக்கிற ஆளை அடுப்புப் பக்கமே விடாதீங்க.
ஆடு உறைஞ்சது வாங்கினா சனிக்கிழமையே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாத்திடணும். 18 கிலோ உருக ஒரு ராத்திரி பத்தாது. வெளியே வெச்சு உருக்கினா மேல கெட்டுப்போய் உள்ளே கல்லா இருக்கும். ஆட்டுக் கறியை ஞாயிறு சாயங்காலமே சமைச்சுடலாம், ருசியும் ஏறும். ஆனா அண்டாவோட மூடி வெச்சுட்டுத் தூங்கப் போகக்கூடாது. பெரிய அண்டாவுல கறி ராத்திரி பூரா வெதுவெதுன்னு இருக்கும், கிருமிக்கு அதுதான் மெத்தை. ரெண்டு அங்குல உயரத்துக்கு மேல போகாம தட்டு தட்டா ஊத்தி, ஆவி அடங்கினதும் குளிர்ப்பெட்டியில வைங்க. காலையில தளதளன்னு கொதிக்க விட்டுத்தான் பரிமாறணும். தேங்காய்ப் பால் அந்தக் காலைக் கொதியில சேருங்க, முதல் நாளே ஊத்தாதீங்க. கோழியை அன்னிக்கே சமைங்க.

லயத்துக்காரி எழுதியது:
அது 180 பேர் ஆடு, ரெண்டு அங்குலத் தட்டுல எத்தனை வீட்டுக் குளிர்ப்பெட்டி வேணும்னு யோசிச்சீங்களா அண்ணே?

அண்டாச்சோறு எழுதியது:
நல்ல கேள்வி. எலும்போட ஆடு 20 கிலோ, மசாலாவும் சேர்ந்தா 30 லிட்டர் பக்கம் வரும். வீட்டுக்கு ரெண்டு தட்டு, மொத்தம் அஞ்சு லிட்டர்னு வெச்சா ஆறு வீடு. தீபாவளி ராத்திரி எந்தக் குளிர்ப்பெட்டியும் காலியா இருக்காது, இப்பவே சொல்லி வைங்க. ஆறு வீடு கிடைக்கலேன்னா முதல் நாள் சமையல் வேணாம், திங்கள் காலை 5 மணிக்கு ஆட்டைத்தான் முதல்ல ஏத்தணும். நடுவழி எதுவும் இல்ல.

பழைய கிராணி எழுதியது:
மேசைச் சூட்டைப் பற்றியும் எழுதிவிடுங்கள். சேஃபிங் டிஷ் (மேசையில் உணவைச் சூடாக வைக்கும் பாத்திரம்) வாடகைக்கு எடுப்பவர்கள் அது உணவைச் சூடாக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்கிற சூட்டைக் காப்பது மட்டுமே அதன் வேலை. கீழ்த் தட்டில் வெந்நீர் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அது சூடேறுவதற்குள் கறி ஆறிவிடும். சூடான உணவு 60 டிகிரிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். குறைந்தால் நான்கு மணி நேரம்தான் ஆயுள், அதுவும் நம் வெயிலில் தாராளக் கணக்கு. தேங்காய்ச் சட்டினிக்கு அதுகூடக் கிடையாது, இரண்டு தடவையாக அரைத்து வையுங்கள்.
தட்டில் பாதி இருக்கும்போதே புதுக் கறியைப் பழசின் மேல் கொட்டுவதும் தவறு. காலித் தட்டை எடுத்துவிட்டு நிறைந்த தட்டை வைக்க வேண்டும்.

சுவிட்சுபோர்டு எழுதியது:
சமையல் பேச்சு முடிஞ்சா கரண்டுக்கு வருவோமா. பாலாய்ராயாவுல எத்தனை பிளக் பாயிண்ட் இருக்குன்னு எண்ணாதீங்க, எத்தனை பிரேக்கர் இருக்குன்னு எண்ணுங்க. பத்து பிளக் இருக்கும், பத்தும் ஒரே பிரேக்கர்ல போகும். 3000 வாட் தண்ணிக் கொதிகலன் ஒண்ணே 12 ஆம்ப் பக்கம் இழுக்கும். அதே வரிசையில ஆம்ப்ளிஃபயரைச் செருகினா, பாட்டோட நடுவுல ட்ரிப் ஆகி மண்டபமே அமைதி.
வெளியே இழுக்கிற வயரைப் பாருங்க. 50 மீட்டர் தூரம், 10 ஆம்ப் இழுவைன்னா 1.5 சதுர மில்லிமீட்டர் வயர்ல 14 வோல்ட்டுக்கு மேல இறங்கும். 2.5 வயர்ல 9 வோல்ட்தான். காத்தாடி மெதுவா சுத்தினா, ஆம்ப்ளிஃபயர் இரைஞ்சா, குற்றவாளி பெரும்பாலும் வயர்தான், மிஷின் இல்ல. சுருள் வயரை முழுசா அவுத்துப் போடுங்க. சுருளா வெச்சே கொதிகலன் ஓட்டினா உள்ளே சூடேறி உறை உருகும். புல்லு மேல போற இணைப்பைச் செங்கல் மேல தூக்கி வெச்சு, கவுத்த பிளாஸ்டிக் டப்பாவால மூடுங்க. மழைத் தண்ணி உள்ளே போனா கசிவுப் பிரேக்கர் விழும். விழுந்தா நல்லது. விழாதபடிக்கு யாராவது அதை ஒட்டுப் போட்டு வெச்சிருந்தா அந்த இணைப்பைத் தொடவே தொடாதீங்க.

நாலாங்கட்டை எழுதியது:
ஸ்பீக்கர் வாடகைக்காரர் 4 பெரிய பெட்டி சொல்றார்.

சுவிட்சுபோர்டு எழுதியது:
300 பேர் கோயில் திருவிழா இல்ல அண்ணே. 15 அங்குலப் பெட்டி ரெண்டு போதும், தலைக்கு மேல இருக்கிற மாதிரி ஸ்டாண்டுல ஏத்தி, கூட்டத்தைப் பார்த்துத் திருப்புங்க. தரையில வெச்சா முன்வரிசைக்குக் காது போகும், பின்வரிசைக்கு ஒண்ணும் கேக்காது. பேசறவர் பெட்டிக்குப் பின்னால நிக்கணும், முன்னால வந்தா ‘கீங்’னு ஊளைதான். ஊளை வந்ததும் எல்லாரும் மைக்கைக் கையால பொத்துவாங்க. பொத்தினா இன்னும் கத்தும். வயர்லெஸ் மைக்குக்கு பேட்டரி ரெண்டு ஜோடி உபரி வைங்க, பழைய பேட்டரியோட கலக்காதீங்க.
நேரக் கணக்கும் இருக்கு. நவம்பர்ல நம்ம பக்கம் முஸ்லிம்களோட தொழுகை அழைப்புல லோஹோர் பாங்கு ஒரு மணி வாக்கில, அசார் நாலேகால் வாக்கில. சூராவ் (சின்னத் தொழுகை இடம்) பக்கத்துல இருந்தா ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் மைக்கை நிறுத்துங்க. உறுமி மேளத்தை அந்த நேரத்துக்கு வைக்காதீங்க. தலைக்கு மேல கூரை இருக்கிற மண்டபத்துக்குள்ளயும் உறுமி வேணாம், யாரும் யாரோடயும் பேச முடியாது. வெளியே, விருந்தாளி வர்ற வழியில, 20 நிமிஷம். அதுக்கு மைக்கே தேவையில்ல.

வண்ண அரிசி எழுதியது:
கோலத்தை யாருமே கேக்கல, நானே சொல்றேன். சாப்பாட்டுக்கு அப்புறம் கோலப் போட்டி வெச்சா, போடறவங்களே சேலையோட வரிசையில நின்னுட்டு வந்து உட்காரணும். பத்தடிக் கோலத்துக்கு அஞ்சு பேர் குழு மூணு மணி நேரம் எடுக்கும். காலை 7.30-க்கு ஆரம்பிச்சா 10.30-க்கு நடுவர் பார்த்து முடிச்சிடலாம், 11-க்கு விருந்தாளி வரும்போது கோலம் வாசல்ல வரவேற்கும்.
எத்தனை அரிசி வாங்கறதுன்னு குத்துமதிப்பா வாங்கி கடைசியில பச்சை நிறம் தீர்ந்து போறதுதான் வழக்கம். 10 அடி குறுக்களவு, 3 மில்லிமீட்டர் கனம் வெச்சா 22 லிட்டர் வரும், எடையில பதினேழரை கிலோ. முழு அரிசி வேணாம், நொய் மலிவு, ஓரமும் துல்லியமா நிக்கும். பின்னணி நிறம் எதுவோ அதுக்குப் பாதி எடையை ஒதுக்குங்க.
சாயம்: ஒரு கிலோவுக்கு உணவுச் சாயப் பொடி ஒன்றரை தேக்கரண்டி, தண்ணி மூணு மேசைக்கரண்டி, வினிகர் ஒண்ணு. கரைச்சு, கெட்டி பிளாஸ்டிக் பையில அரிசியோட போட்டுக் குலுக்குங்க. தண்ணி கூடினா அரிசி ஊறி ஒட்டும், மறுநாள் புளிச்ச வாடை வரும். நாளிதழ் மேல காய வைக்காதீங்க, அச்சு மை ஏறி மஞ்சள் அழுக்காயிடும். துணியில, நிழல்ல. மழை நாள்னா ஒரு ராத்திரி முழுக்க. சரியா காயலேன்னா சிவப்பு பக்கத்துல வெள்ளை ரோஸ் ஆகும்.
போடும்போது சாக்கட்டியில கோடு, நடுவிலிருந்து வெளியே நிரப்புங்க. கறுப்பு எல்லைக்கோடு கடைசி. ஓரத்துல இருந்து ஒரு அடி தள்ளி கயிறு கட்டியே ஆகணும். டைல்ஸ் தரையில சிதறின அரிசி மேல செருப்புக் கால் வெச்சா நேரா மல்லாக்க.

பழைய கிராணி எழுதியது:
அம்மா சொன்ன கயிறு முக்கியம். கோலம் வாசலின் நடுவில் இருந்தால் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் எப்படி வரும்? ஒரு பக்கமாகப் போடுங்கள்.
சாப்பாட்டு வரிசையைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். மேசையின் ஒரு பக்கம் மட்டும் ஆள் நடந்தால் நிமிடத்துக்கு மூன்று, நான்கு பேர் நகர்வார்கள். 100 பேர் ஒன்றாகக் கிளம்பினால் கடைசி ஆளுக்கு அரை மணி நேரம். மேசையைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டு இரு பக்கமும் ஆளை விடுங்கள், பதினைந்து நிமிடத்தில் முடியும். பானம் அந்த மேசையில் இருக்கக் கூடாது. குவளையை நிரப்ப ஒருவர் நின்றால் பின்னால் இருபது பேர் நிற்பார்கள்.
சோறு முதலில், பருப்பு, காய்கறி, கறி கடைசியில். ஆட்டுக் கறிக்குக் கரண்டியோடு ஒருவர் நிற்கட்டும். தானே எடுக்க விட்டால் முதல் 100 பேரோடு ஆடு ஓடிவிடும். சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. கரண்டி மாறுவதுதான் எப்போதும் நடக்கும் தவறு, அதனால் வேறு நிறக் கைப்பிடியுள்ள கரண்டி வாங்குங்கள். கோழியும் ஆடும் ஹலால் கடையிலிருந்து வந்தவை என்று மேசையில் எழுதி வைத்தால் மலாய் நண்பர்கள் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. பீர் மேசை வேண்டும் என்று யாராவது கிளம்புவார்கள். பொது மண்டபத்தில் வேண்டாம், அவரவர் வீட்டில்.

சுவிட்சுபோர்டு எழுதியது:
கேனப்பியில ஒரு வார்த்தை. 20-க்கு 20 அடி கேனப்பி ஒண்ணுல பத்துப் பேர் வட்ட மேசை நாலுதான் நிம்மதியா நிக்கும், 40 பேர். உங்களுக்கு ஒரே நேரத்துல 300 பேரும் உட்கார மாட்டாங்க. உச்சத்துல 200-ன்னு வைங்க. மண்டபம் 120, வெளியே ரெண்டு கேனப்பி. சமையலுக்கு மூணாவது ஒண்ணு, தனியா. ரெண்டு கேனப்பி சேர்ற இடத்துல தகரக் கட்டர் (மழைத் தண்ணி ஓடற வாய்க்கால்) வைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா மழை முழுக்க அந்த இடைவெளியில அருவி மாதிரி நடு மேசையில இறங்கும். தார் ரோட்டுல முளை அடிக்க முடியாது, காலுக்குக் கால் மணல் மூட்டை இல்லாட்டி தண்ணி பீப்பாய். சாலையை மறைக்கிறதா இருந்தா நகராண்மைக் கழகத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் முன்கூட்டியே கடிதம்.
கேஸ் அடுப்பு கேனப்பித் துணிக்கு நேர் கீழே வேணாம், ஓரத்துல. 14 கிலோ தோங் (கேஸ் சிலிண்டர்) ஒண்ணுல பெரிய அடுப்பு ரெண்டை ஓட்டினா தோங் வெளிப்பக்கம் பனி பூக்கும், தீ குறுகும். கேஸ் தீரல, திரவம் ஆவியாகிற வேகத்துல தோங் குளிர்ந்து அழுத்தம் இறங்குது. படுக்க வெச்சு உருட்டுறது, வெந்நீர் ஊத்துறது இதெல்லாம் ஆபத்து. அடுப்புக்கு ஒரு தோங், மாத்த ஒண்ணு தயாரா. அவ்வளவுதான்.

நாலாங்கட்டை எழுதியது:
எல்லாத்தையும் சேர்த்து மாத்திட்டேன். நவம்பர் 9, திங்கள். 5 மணிக்கு அடுப்பு. 7.30 கோலம், 10.30 நடுவர். 11 குத்துவிளக்கு, பேச்சு மொத்தம் பத்து நிமிஷம். 11.10 உறுமி. 11.30 சாப்பாடு. ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் மைக் நிறுத்தம். 1.15 பிள்ளைங்க விளையாட்டு: தோரணம் பின்னறது, நாற்காலிப் போட்டி, உறியடி. 2.15 பாட்டு. 2.50 பிள்ளைங்களுக்கு அங்பாவ் (பணம் வெச்ச உறை). 3 மணிக்கு முடிவு.
பானம் சிரப், எலுமிச்சை. 300 பேர், ரெண்டு குவளை, 250 மில்லி, 150 லிட்டர்.

லயத்துக்காரி எழுதியது:
உறியடியை 1.15-க்கே முதல்ல வைங்க, அது ஒண்ணுதான் வெளியே நடக்கிறது. மேகம் கூடினா தோரணமும் நாற்காலியும் உள்ளே நடத்திக்கலாம். கண்ணைக் கட்டிக் கம்பு கொடுக்கிறீங்க, சுத்தி 12 அடிக்குக் கயிறு கட்டுங்க. மண்பானையில வெறும் தண்ணி ஊத்தாம மஞ்சள் தண்ணியும் பூவும் போட்டா பார்க்க நல்லா இருக்கும், ஆனா உடைஞ்ச ஓட்டுத் துண்டைப் பொறுக்க உடனே ஆள் வேணும், பிள்ளைங்க வெறுங்காலோட ஓடி வருவாங்க.
அங்பாவ் கடைசியில கொடுக்கிறது சரியான யோசனை. முதல்லயே கொடுத்தா ஒரு மணிக்கு மண்டபம் காலி. ஒரு வெள்ளி (ரிங்கிட்), அஞ்சு வெள்ளி புது நோட்டுக்கு பேங்குல முன்னாடியே போங்க.

அண்டாச்சோறு எழுதியது:
பானத்துல ஐஸைக் கழிக்கலையே நீங்க. குவளையில மூணுல ஒரு பங்கு ஐஸ். அப்ப தண்ணி 100 லிட்டர், ஐஸ் 60 கிலோ பக்கம், உருகுற சேதாரத்தோட. பாண்டோங் (பால் கலந்த ரோஸ் சிரப்) வேணாம், பால் சேர்ந்தது அந்த வெயில்ல ரெண்டு மணி நேரத்துல திரியும்.
ஐஸ் வாங்கும்போது குடிக்கிற குழாய் ஐஸ் பையில வாங்குங்க. மீன் கடைக் கட்டி ஐஸ் போத்தல் குளிரவைக்க மட்டும். ரெண்டையும் ஒரே ஐஸ் பெட்டியில போட்டா எது எதுன்னு தெரியாது.

நாலாங்கட்டை எழுதியது:
60 கிலோவும் காலையிலயே வாங்கி வெச்சா உருகாதா?

அண்டாச்சோறு எழுதியது:
உருகும். 10.30-க்கு 30 கிலோ, 12.30-க்கு 30 கிலோன்னு ரெண்டு தடவையா இறக்கச் சொல்லுங்க. திங்கள் மாற்று விடுமுறை, ஐஸ்காரர் கடை திறக்கிறாரான்னு முதல்ல போன் பண்ணிக் கேளுங்க.